மந்திர வாளும் மந்திரக் கவசமும் மோதும்போது கணக்கை எந்த வரிசையில் போடுவது

ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா நாட்களிலும் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் வகுப்பறையில் ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடுகிற டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் மாதிரி கேம் நடத்துகிறேன். புதிதாக வருகிற தம்பிமார், தங்கச்சிமார் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். கையில் நெருப்பு வாள், எதிரில் மந்திரக் கவசம் போட்ட ஒருவன். பகடையை உருட்டி, வந்த எல்லா எண்ணையும் ஒன்றாகக் கூட்டி "அண்ணே, 27" என்று சொல்லிவிடுவார்கள். அந்த 27இல் வெட்டு எவ்வளவு, நெருப்பு எவ்வளவு, கவசம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று பிரிக்க முடியாமல் விளையாட்டு அரை மணி நேரம் நின்றுவிடும்.

கணக்கு கஷ்டமானதில்லை, வரிசைதான் தெரிய வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. உட்காருவதற்கு முன்

முதலில் எந்த விதியில் விளையாடுகிறீர்கள் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் 5ம் பதிப்பு, 2014இல் வந்த விதிகள். சில நாட்களில் 2003இல் வந்த 3.5 பதிப்பு, அல்லது அதன் வழியில் 2009இல் வந்த பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு. பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு. இணையத்தில் ஒருவர் சொன்ன பதிலைக் கொண்டுவந்து சண்டை பிடிப்பவர்கள், பாதி நேரம் வேறு பதிப்பின் பதிலைத்தான் கொண்டுவந்திருப்பார்கள். 5ம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மழை பிடித்தால் எங்கள் பக்கம் சிக்னலை நம்ப முடியாது.

ஆளுக்கொரு கொப்பி வேண்டும். கேரக்டர் ஷீட்டில் இருக்கிற சின்னப் பெட்டிகளுக்குள் இந்தக் கணக்கு அடங்காது. கொப்பியின் ஒரு பக்கத்தை ஏசிக்கு, அதாவது உங்களைத் தாக்க எதிரி எட்ட வேண்டிய எண்ணுக்கு, ஒதுக்குங்கள். எதிர்ப் பக்கம் ஆயுதத்துக்கு.

பகடைகள் இரண்டு நிறத்தில் இருந்தால் நல்லது. நெருப்புக்குச் சிவப்பு, வெட்டுக்கு வேறு நிறம் என்று வைத்தால் இரண்டையும் ஒன்றாக உருட்டினாலும் கலக்காது. டி20, அதாவது இருபது முகப் பகடை, கிடைக்காதவர்கள் 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்கக் கூடாது, இல்லையென்றால் 20 வரும் வாய்ப்பு மாறிக்கொண்டே போகும்.

2. ஒவ்வொரு போனஸுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, இதற்கு நேரம் கொடுங்கள். "ஏசி 22" என்று மட்டும் எழுதி வைத்தால், கேடயம் கை நழுவும்போதோ, மந்திரம் முடியும்போதோ எதைக் கழிப்பது என்று தெரியாது.

மழைக் காலத்தில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் படங்கு கட்டுவார்கள். இரண்டு படங்கு கட்டினால் இரண்டு மடங்கு நனையாமல் இருக்க முடியாது, பாரம்தான் கூடும். ஆனால் படங்கும் கட்டி, தலையில் கம்பளியும் போட்டால் இரண்டும் பயன்படும், ஏனென்றால் இரண்டும் காக்கிற இடம் வேறு. போனஸ்களும் இப்படித்தான்.

5ம் பதிப்பில் ஏசிக்கு முதலில் ஒரே ஒரு அடித்தளம் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளேட் கவசம் என்றால் 18. மேஜ் ஆர்மர் மந்திரம் என்றால் 13உடன் டெக்ஸ்டெரிட்டி, அதாவது ஆளின் சுறுசுறுப்புக்கான எண். பார்பேரியன், மாங்க் என்கிற பாத்திர வகைகளுக்குக் கவசம் போடாதபோது தனித்தனி கணக்கு இருக்கிறது. இவற்றில் இரண்டை ஒன்றாக்க முடியாது. தேர்ந்தெடுத்த அடித்தளத்துக்கு மேல்தான் மற்றவை ஏறும்: கேடயத்துக்கு 2, கவசம் +1 என்றால் 1, கேடயமும் +1 என்றால் இன்னொரு 1, பாதுகாப்பு மேலங்கிக்கு 1, பாதுகாப்பு மோதிரத்துக்கு 1. மேலங்கியும் மோதிரமும் பெயர் வேறு என்பதால் இரண்டும் சேரும்.

ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, ஒரே மோதிரம் ரெண்டு கிடைச்சிருக்கு, ரெண்டு கையிலும் போட்டா?" சேராது. ஒரே பெயருள்ள இரண்டு விளைவுகளில் வலுவான ஒன்று மட்டும்தான் எண்ணப்படும். அதோடு ஒரே பொருளின் இரண்டு பிரதிகளோடு அட்டூன்மென்ட், அதாவது மந்திரம் வேலை செய்ய அந்தப் பொருளோடு பழகுவது, செய்யவும் முடியாது.

பிரேசர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ் என்கிற கைக்காப்பு 2 தரும், ஆனால் கவசமும் கேடயமும் இல்லாதபோது மட்டும். மேஜ் ஆர்மர் ஒரு மந்திரம், உடுத்துகிற கவசம் ஆகாது. ஆகவே மந்திரவாதி அந்த இரண்டையும் சேர்த்து 15உடன் டெக்ஸ்டெரிட்டி எடுக்கலாம். இதைக் கண்டுபிடித்த தங்கச்சி அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தார், நியாயமான சந்தோஷம்.

3.5இலும் பாத்ஃபைண்டரிலும் வகை இன்னும் கண்டிப்பானது. ஆர்மர் (கவசம்), ஷீல்ட் (கேடயம்), நேச்சுரல் (உடம்பின் தோல்), டிஃப்ளெக்ஷன் (தாக்குதலைத் திருப்புவது), என்ஹான்ஸ்மென்ட் (ஒரு பொருளின் மந்திர +) என்று ஒவ்வொரு போனஸுக்கும் பெயர் உண்டு. ஒரே பெயர் இரண்டு வந்தால் பெரியது மட்டும் நிற்கும். டாட்ஜ் (விலகிக்கொள்வது) விதிவிலக்கு, அது எத்தனை வந்தாலும் சேரும். இதில் எல்லோரும் குழம்புவது என்ஹான்ஸ்மென்ட்டில்: கவசத்துக்கு +2, கேடயத்துக்கு +1, இரண்டும் என்ஹான்ஸ்மென்ட்தானே, ஏன் சேர்கிறது? ஒன்று கவசத்தின் ஆர்மர் போனஸை உயர்த்துகிறது, மற்றது கேடயத்தின் ஷீல்ட் போனஸை. உயர்த்தப்படுகிற பொருள் வேறு. அதே +2 கவசத்தின் மேல் மேஜிக் வெஸ்ட்மென்ட் மந்திரத்தை +1ஆகப் போட்டால், அது அதே கவசத்தையே உயர்த்தப் பார்ப்பதால் வீணாகும்.

ஓர் ஆளை எழுதிப் பார்ப்போம். 10, செயின் ஷர்ட் 4, அதன் +2, கனமான கேடயம் 2, அதன் +1, டெக்ஸ்டெரிட்டி 2, மோதிரத்தின் டிஃப்ளெக்ஷன் 1, தாயத்தின் நேச்சுரல் 1. மொத்தம் 23. இப்போது எதிரி டச் அட்டாக் செய்கிறான், தொட்டாலே போதும் என்கிற தாக்குதல். அதற்குக் கவசம், கேடயம், நேச்சுரல் மூன்றும் கழன்றுவிடும். 10, 2, 1. வெறும் 13. வகை எழுதி வைத்தவர் இதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், எழுதாதவர் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருப்பார்.

3. ஆயுதத்தின் விலை வேறு, அதன் + வேறு

இது 3.5க்கும் பாத்ஃபைண்டருக்கும் மட்டும். 5ம் பதிப்பு மட்டும் விளையாடுகிறவர்கள் தாண்டிப் போகலாம்.

நெருப்பு, புனிதம் போன்ற சிறப்புத் திறன் எதையும் ஏற்றுவதற்கு முன் அந்த ஆயுதத்துக்குக் குறைந்தது +1 என்ஹான்ஸ்மென்ட் இருக்க வேண்டும். என்ஹான்ஸ்மென்ட் +5ஐத் தாண்டாது, திறன்களின் மதிப்பையும் சேர்த்தால் +10ஐத் தாண்டாது. விலை, மொத்த மதிப்பின் வர்க்கத்தை 2,000ஆல் பெருக்கினால் வரும். கவசத்துக்கு 1,000ஆல்.

+1 வாளுக்கு நெருப்பும் (மதிப்பு 1), புனிதமும் (மதிப்பு 2) ஏற்றினால் மொத்த மதிப்பு 4. 4 × 4 × 2,000, ஆக 32,000 தங்கக் காசு, அதற்கு மேல் வாளின் விலையும் மாஸ்டர்வொர்க் செலவு 300ம். திறன் எதுவும் இல்லாத +4 வாளுக்கும் இதே விலைதான். இங்கேதான் பிழை வருகிறது. "இது +4 வாள்" என்று எழுதிக்கொண்டு தாக்குதலுக்கும் 4 கூட்டுவார்கள். கூடாது. தாக்குதலுக்கும் டேமேஜுக்கும், அதாவது பட்ட அடியின் அளவுக்கும், 1 மட்டும்தான்.

பாத்ஃபைண்டரில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். சில எதிரிகள் மேல் படுகிற அடியில் ஓர் எண் கழிந்துவிடும், வெள்ளி போன்ற குறிப்பிட்ட உலோகம்தான் அதை ஊடுருவும்; இந்தக் கழிவுக்கு டேமேஜ் ரிடக்ஷன் என்று பெயர். அங்கே +3 ஆயுதம் வெள்ளி போலவும் கோல்ட் அயர்ன் (cold iron) என்கிற குளிர் இரும்பு போலவும் எதிரியின் டேமேஜ் ரிடக்‌ஷனை ஊடுருவும், +4 என்றால் அடமன்டைன் என்கிற கதை உலோகம் போலவும். அது உண்மையான என்ஹான்ஸ்மென்ட்டை மட்டும்தான் பார்க்கும். நமது நெருப்புப் புனித வாளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எனக்குத் தோன்றுவது: பலவித எதிரிகளைச் சந்திக்கிற குழுவில் ஒருவராவது வெறும் + உயர்ந்த ஆயுதம் வைத்திருக்க வேண்டும். பகடை உருட்டுவதில் சந்தோஷம் குறைவுதான், ஆனால் எல்லோரும் நெருப்பையே நம்பியிருந்தால் நெருப்பு படாத ஒன்று வருகிற அன்று மொத்தக் குழுவும் மாட்டிக்கொள்ளும்.

4. மந்திரம் இப்போது வேலை செய்கிறதா?

திறன் இருப்பது வேறு, இந்த நொடியில் அது விழித்திருப்பது வேறு. 5ம் பதிப்பில் பல பொருட்களுக்கு அட்டூன்மென்ட் தேவை. ஒரு மணி நேர ஓய்வில் அந்தப் பொருளோடு இருந்து பழக வேண்டும், ஒருவருக்கு மூன்று பொருள் வரைதான். சாதாரண +1 வாளுக்கும் கவசத்துக்கும் இது வேண்டாம். மேலங்கி, மோதிரம், ஃப்ளேம் டங் என்கிற நெருப்பு வாள் மூன்றுக்கும் வேண்டும், அதோடு இடம் நிரம்பிவிட்டது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு போனஸ் கூட்டுகிறவர்களை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

ஃப்ளேம் டங் தானாக எரியாது. ஒரு சுற்றில் ஒருமுறை மட்டும் கிடைக்கிற சின்னக் கூடுதல் செயலுக்குப் போனஸ் ஆக்ஷன் என்று பெயர். போனஸ் ஆக்‌ஷனில் கட்டளைச் சொல்லைச் சொன்னால்தான் தீப்பிடிக்கும். உறையில் போட்டாலோ கீழே விழுந்தாலோ அணைந்துவிடும். எங்கள் கதையில் சிமிட்டாரின் எண்களை அப்படியே வைத்து அதை ஒரு கவ்வாத்துக் கத்தியாக மாற்றியிருக்கிறேன், வளைந்த அலகு, 1டி6 (ஓர் ஆறு முகப் பகடை) வெட்டு, எரியும்போது அதற்கு மேல் 2டி6 நெருப்பு. சிமிட்டார் இலேசான ஆயுதம், ஆகவே இரண்டு கையிலும் கத்தி பிடிக்கலாம். ஆனால் இரண்டாவது கையால் வெட்டவும் போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும். பற்றவைக்கிற அந்தச் சுற்றில் இரண்டாவது வெட்டு கிடையாது.

அணைந்திருந்தாலும் அது மந்திர ஆயுதம்தான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மந்திரமில்லாத தாக்குதலுக்கு மட்டும் ரெசிஸ்டன்ஸ், அதாவது அடியைப் பாதியாக்கும் தன்மை, உள்ள கார்காயில் மாதிரி ஓர் எதிரிக்கு, எரியாத ஃப்ளேம் டங் வெட்டும் முழுதாக இறங்கும்.

5. பட்டதா? கிரிட்டிக்கலா? கவசம் அதை ரத்து செய்கிறதா?

இந்த மூன்று கேள்வியையும் டேமேஜ் பகடையைத் தொடுவதற்கு முன்பே கேளுங்கள். தாக்குதல் உருட்டலில் 20 மாதிரி உச்ச எண் விழுந்து அடி பெரிதாவதுதான் கிரிட்டிக்கல். உருட்டிய பிறகு "இது கிரிட்டிக்கல் இல்லை" என்று சொன்னால் எந்தப் பகடையை எடுப்பது, எதை விடுவது என்று வாக்குவாதம் வரும்.

5ம் பதிப்பில் கிரிட்டிக்கல் என்றால் அந்தத் தாக்குதலின் எல்லா டேமேஜ் பகடையும் இரட்டிக்கும், நெருப்பின் 2டி6ம் சேர்த்து. கூட்டுகிற எண் இரட்டிக்காது. 3.5இலும் பாத்ஃபைண்டரிலும் நேர் எதிர்: ஆயுதத்தின் பகடையும் கூட்டல் எண்ணும் பெருகும், ஃப்ளேமிங் என்கிற நெருப்புத் திறன் தருகிற கூடுதல் 1டி6 பெருகாது. ஒரு பதிப்பில் பழகியவர் மற்றதற்கு வரும்போது கட்டாயம் இங்கே பிழை விடுவார். எனக்கே கைப்பழக்கத்தில் வந்துவிடும் என்பதால் பலகையில் எழுதி வைத்துவிடுகிறேன்.

பழைய பதிப்புகளில் கீன் திறன் கிரிட்டிக்கல் வரம்பை, அதாவது எந்தெந்த எண் விழுந்தால் கிரிட்டிக்கல் என்பதை, இரட்டிக்கும், 19-20 இருந்தது 17-20 ஆகும். இம்ப்ரூவ்ட் கிரிட்டிக்கலும் அதையேதான் செய்கிறது, ஆகவே இரண்டும் இருந்தால் ஒன்றுக்குச் செலவழித்தது வீண்.

இனி கவசத்தின் பதில். 3.5இல் லேசான ஃபோர்டிஃபிகேஷன் என்கிற கவசத் திறன் 25 சதவீத வாய்ப்பில் கிரிட்டிக்கலைச் சாதாரண அடியாக்கும், நடுத்தரம் 75, கனமானது 100. பாத்ஃபைண்டரில் நடுத்தரம் 50, கனமானது 75. கிரிட்டிக்கலை உறுதி செய்தவுடன், டேமேஜுக்கு முன்பு இதை உருட்டுங்கள். 5ம் பதிப்பில் அடமன்டைன் கவசம் எந்த உருட்டலும் இல்லாமல் எல்லாக் கிரிட்டிக்கலையும் சாதாரண அடியாக்கிவிடும்.

இப்போது ஒரு நுணுக்கம். 5ம் பதிப்பில், தலையையே வெட்டுகிற வோர்ப்பல் வாளின் வாசகத்தில் "கிரிட்டிக்கல்" என்ற சொல் இல்லை. தாக்குதல் உருட்டலில் 20 விழுந்தால் என்றுதான் இருக்கிறது. அடமன்டைன் கவசம் கிரிட்டிக்கலை மாற்றும், விழுந்த 20ஐ மாற்றாது. ஆகவே வாசகப்படி தலை போகும். பட்டால், கிரிட்டிக்கல் என்றால், 20 விழுந்தால்: இந்த மூன்றில் எது எழுதியிருக்கிறது என்று அந்த வரியை வாய்விட்டு வாசியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

6. டேமேஜை வகை வகையாகச் சொல்லுங்கள்

"27" என்று சொல்லக் கூடாது. "வெட்டு 13, நெருப்பு 14" என்று சொல்ல வேண்டும். எதிரியின் கவசம் என்ன என்று விளையாடுபவருக்குத் தெரியாது, நடத்துகிறவருக்குத்தான் தெரியும், ஆகவே கூட்டலை அவரிடம் விட்டுவிடுங்கள்.

பழைய பதிப்பில் கலந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெட்டு 9, நெருப்பு 4. எதிரிக்கு வெள்ளி தவிர மற்றதில் 10 கழிக்கும் டேமேஜ் ரிடக்‌ஷன், நமது வாளோ வெள்ளி இல்லை. கூட்டி 13 என்று சொன்னால் 3 மிஞ்சும். சரியான கணக்கு: வெட்டு 9இல் 10 கழிந்து பூஜ்யம். டேமேஜ் ரிடக்‌ஷன் நெருப்பைத் தொடாது, ஆகவே 4 முழுதாக இறங்கும். அதே எதிரிக்கு நெருப்பு ரெசிஸ்டன்ஸ் 5 (இங்கே பாதி இல்லை, 5 கழிவு) இருந்தால் அந்த 4ம் போய்விடும். வாளில் நஞ்சு தடவியிருந்தால் அதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் வெட்டு முழுதும் தடுக்கப்பட்டால் உடம்பில் காயமே இல்லை.

7. கழிவு முதலில், பாதி பிறகு

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகுதான் மிச்சக் கணக்கு நடக்கும். 5ம் பதிப்பிலும் அதே வரிசை. நேராக எண்ணைக் குறைக்கிற எதுவும் முதலில், ரெசிஸ்டன்ஸின் பாதி அதற்குப் பிறகு, வல்னரபிலிட்டியின் (ஒரு வகை அடிக்குப் பலவீனத்தின்) இரட்டிப்பு கடைசியில். பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள்.

21 நெருப்பு, 5 குறைக்கும் ஒளிவட்டம், நெருப்பு ரெசிஸ்டன்ஸ். 21இல் 5 போக 16, பாதி 8. மாற்றிப் போட்டால் 10, அதில் 5 போக 5. மூன்று ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) வித்தியாசம், ஓர் ஆள் நிற்பதா விழுவதா என்பதை அது முடிவு செய்யும்.

கவசத்திலும் மோதிரத்திலும் நெருப்பு ரெசிஸ்டன்ஸ் இருந்தால் கால்வாசியா? இல்லை, ஒருமுறைதான் பாதி. மோதிரத்தைக் குழுவில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு ஓர் அட்டூன்மென்ட் இடமும் மிஞ்சும். தற்காலிக ஹிட் பாயிண்ட் இருந்தால் இதெல்லாம் முடிந்த பிறகுதான் அதில் கழியும்.

8. வில்லும் அம்பும்

3.5இலும் பாத்ஃபைண்டரிலும் +2 வில்லும் +1 அம்பும் சேர்ந்து 3 ஆகாது, பெரியதான 2 மட்டும். ஆனால் வில்லில் இருக்கிற நெருப்பு அம்புக்கும் ஏறும். மந்திர வில்லிலிருந்து போகிற சாதாரண அம்பு மந்திர ஆயுதமாகவே எண்ணப்படும், 5ம் பதிப்பிலும் அப்படித்தான். வெள்ளி வேண்டுமென்றால் மட்டும் அம்பே வெள்ளியாக இருக்க வேண்டும்.

9. ஒரு சுற்றை முழுதாகப் போட்டுப் பாருங்கள்

5ம் பதிப்பு. மூடிக் கிடக்கிற தேயிலை ஃபெக்டரியின் மாடியில், எரிகிற கவ்வாத்துக் கத்தியோடு நம் ஆள், டெக்ஸ்டெரிட்டி +4. எதிரில் அடமன்டைன் பிளேட் கவசமும் நெருப்பைத் தடுக்கும் மோதிரமும் போட்ட ஒரு நைட் (கவச வீரன்).

கத்திக்கு அட்டூன்மென்ட் ஆகியிருக்கிறதா, ஆம். எரிகிறதா, போன சுற்றிலேயே பற்றவைத்தாயிற்று. தாக்குதலில் 20 விழுகிறது, பட்டுவிட்டது. கிரிட்டிக்கல், ஆனால் அடமன்டைன் அதைச் சாதாரண அடியாக்குகிறது. ஆகவே பகடை இரட்டிக்காது. 1டி6இல் 5, அதோடு 4, வெட்டு 9. 2டி6இல் 6ம் 5ம், நெருப்பு 11. மோதிரத்தால் நெருப்பு பாதியாகி 5. வெட்டை எதுவும் குறைக்கவில்லை. மொத்தம் 14. எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கியிருந்தால் 10தான் வந்திருக்கும், நம் ஆள் தன் உழைப்பில் 4ஐ இழந்திருப்பார்.

அதே நைட் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கும்போது மாட்டினான் என்று வையுங்கள், மோதிரம் மட்டும் விரலில் இருக்கிறது. இப்போது கிரிட்டிக்கல் கிரிட்டிக்கலாகவே நிற்கும். 2டி6இல் 5ம் 3ம், அதோடு 4, வெட்டு 12. 4டி6இல் 6, 5, 2, 4, நெருப்பு 17, பாதி 8. மொத்தம் 20. இந்த இரண்டு கணக்கையும் உங்கள் கொப்பியில் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், அப்புறம் உங்கள் ஆளின் எண்களை அதே வரிசையில் போடுங்கள். எங்காவது தடுக்கினால் அந்த இடத்தில் நடத்துகிறவர் சொன்ன முடிவைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த போயாவுக்கு அதே கேள்வி கட்டாயம் திரும்ப வரும்.